வளையத்தின் கீழே இருந்த பொட்டு

தம்பி,

நீ அனுப்பிய பெட்டி செவ்வாய்க்கிழமை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. மேலே ஒரு மஞ்சள் தாள், அதில் உன் எழுத்தில் ஜெர்மனில் ஒரே ஒரு வரி: இது இனி எனக்கு வேண்டாம். உன் கல்யாணத்துக்கு நாங்கள் தந்த துப்பாக்கித் தொலைநோக்கியை உன் பழைய உதைபந்தாட்டச் சட்டையில் சுற்றியிருந்தாய். சட்டையின் முதுகில் இருந்த எண் பாதி உரிந்துபோயிருந்தது. நான்கு முறை உனக்குத் தொலைபேசி எடுத்தேன். ஐந்தாவது முறை யானா எடுத்தாள். கார்த்திகையில் நடந்தது எனக்கு உன் மனைவி சொல்லித்தான் தெரியும். உன் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் உன் இடத்தில் சொல்லியிருக்கமாட்டேன். வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கத்தை நீ வெளியே எங்கும் படிக்கவில்லை, அப்பா என்னிடம்தான் படித்தாய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வரிக்குப் பிறகு நீ தாளை மடித்து வைத்தாலும் பரவாயில்லை. அன்று தவறியது உன் கை அல்ல. மீதிக் கடிதம் அது எப்படி எனக்குத் தெரியும் என்பதையும், பிழை யாருடையது என்பதையும் பற்றியது.

யானா சொன்னதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். ஒரு சொல் தவறாக இருந்தாலும் நீ திருத்த வேண்டும். ஐஃபல் காட்டில், உன் மாமனாரின் ஊருக்குப் பின்னால், ஆட்கள் சத்தமிட்டுப் பன்றிகளை ஓட்டிவரும் வேட்டை. விடிந்ததிலிருந்து மழை. நீ மரப்படிகள் வைத்த பரணின் மேல் நான்கு மணித்தியாலம் நனைந்துகொண்டு நின்றாய். மாமனார் தந்த பழைய துப்பாக்கி, தோளில் கழுதை உதைத்ததுபோல் உதைக்கும் பெரிய குண்டு. முதலில் ஒரு குட்டிப்பன்றி வந்தது. ஒரே வெடி, விழுந்த இடத்தில் கிடந்தது. கால் மணி நேரத்துக்குப் பிறகு பெரிய ஆண்பன்றி. நீ சுட்டாய். அது விழவில்லை, வயிற்றில் காயத்தோடு முட்பற்றைக்குள் போய்விட்டது. காயப்பட்ட விலங்கை விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. ஆகவே உன் மாமனார் தன் நாயைக் கொண்டுவந்தார். பதினொரு வருடம் அவரோடு இருந்த நாய். பற்றைக்குள் விட்டார். பன்றி உள்ளே காத்திருந்தது. அவர் நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார், இறந்த உயிருக்கு அவர்கள் செய்யும் மரியாதையாக அதன் மேல் ஒரு தேவதாருக் கொப்பை ஒடித்து வைத்தார், உன்னைப் பார்த்து, "இப்படியும் நடக்கும்" என்றார். அவர் ஏசியிருந்தால் நீ பிழைத்திருப்பாய்.

அதற்குப் பிறகு நீ அந்த வீட்டுக்குப் போகவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறாய். நரம்பு வைத்தியரைப் பார்க்க நாள் குறித்து ஒரு டேர்மின் எடுத்திருக்கிறாய். மாசியில் பிறக்கப்போகும் பிள்ளையைக் குளிக்க வார்ப்பது யானாதான், நீ தூக்கமாட்டாய் என்று சொல்லியிருக்கிறாய். "அப்பாட கை எனக்கும் வந்திட்டுது." இந்த ஒரு வசனத்தை யானா தமிழிலேயே சொன்னாள். நீ அதை அடிக்கடி சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குப் பாடமாகியிராது.

நான் என்ன வேலை செய்தேன் என்பதை நீ சரியாகக் கேட்டதில்லை. துப்பாக்கிச் சாமான் என்பதற்கு மேல் நான் சொன்னதும் இல்லை. அகதி முகாமிலிருந்து வெளியே வந்த மூன்றாம் மாதம், லான் ஆற்றங்கரையில் பதினான்கு பேர் வேலை செய்த ஒரு சிறிய பட்டறையில் சேர்ந்தேன். துப்பாக்கியின் மேல் பூட்டும் தொலைநோக்கிகள். வில்லைகளைத் துடைத்தேன், பிறகு உள்ளே குறிக்கோடுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் சிறிய குழாயையும் அதன் விற்சுருளையும் பொருத்தினேன். கை நடுங்கத் தொடங்கியதும் என்னை இடி மேசைக்கு மாற்றினார்கள். துப்பாக்கி உதைப்பதுபோல ஒரு பாரம் வந்து மோதும் மேசை. மோதுவதற்கு முன் குறிக்கோடு சுவரில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன், மோதிய பிறகு மீண்டும் பார்ப்பேன். நகர்ந்திருந்தால் தள்ளிவைப்பேன். அவ்வளவுதான் வேலை. தொலைநோக்கிகளை இடித்தே ஓய்வுக்கு வந்தேன். நடுங்கும் கைக்காரனுக்குப் பொருத்தமான வேலை. மேசை தானாக இடிக்கும், நான் பார்த்தால் போதும்.

அம்மாவிடம் நான் பறவை பார்க்கிற கண்ணாடி செய்வதாகச் சொல்லியிருந்தேன். அவளுடைய அண்ணன் ஒரு துப்பாக்கியால் போனவர். யாருடைய துப்பாக்கி என்பது இன்றுவரை தெரியாது. தெரியாததால் அவளுக்கு எல்லாத் துப்பாக்கியும் ஒன்றுதான். நான் சொன்னது பொய் என்று எனக்குத் தோன்றவும் இல்லை, பட்டறையில் பறவைக் கண்ணாடியும் கொஞ்சம் செய்தார்கள். பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். அப்படி இருந்தே நீ பள்ளிக்கூடம் போனாய், ஆஹென் நகரில் படித்தாய், யானாவைக் கூட்டிக்கொண்டு வந்தாய், வேட்டைச் சோதனையில் பாஸ் பண்ணினாய். கல்யாணத்துக்கு முந்தின மாரிக்காலத்தில் சாப்பாட்டு மேசையில் வைத்து நீதான் போட்டுடைத்தாய். உனக்கு அது நினைவிருக்கிறதா?

"அப்பா, யானாட அப்பா தாற துவக்குக்கு எந்தக் கண்ணாடி நல்லம்? நீங்கள்தானே இதுகளையெல்லாம் செய்யிறனீங்கள்."

அம்மா கறி அள்ளிய கரண்டியோடு நின்றாள். "எதைச் செய்யிறவர்?"

"துவக்குக் கண்ணாடி. அம்மா, உங்களுக்குத் தெரியாதே?"

அவள் என்னைப் பார்த்தாள். "பறவை பாக்கிறதெண்டெல்லோ சொன்னீங்கள். பாத்துப்போட்டுச் சுடுறதுக்கோ?" நீ சிரித்தாய். அதன் பிறகு ஒன்பது நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. பத்தாம் நாள், "எத்தினை வருசமா உங்கடை உடுப்பைத் தோய்ச்சுத் தந்தனான். அதிலை அந்த மணம் எனக்குத் தெரியேல்லைப் பாத்தீங்களே" என்றாள். அதில் மணம் ஒன்றும் இல்லை, வெறும் எண்ணெயும் ஸ்பிரிட்டும்தான் என்று சொன்னேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும்.

நீ என்னிடம் முதல் தடவையாக வேலையைப் பற்றிக் கேட்டாய். எந்தக் கண்ணாடி நல்லம் என்று கேட்டாய். சரியான பதில் எனக்குத் தெரிந்திருந்தது, தம்பி. பலமாக உதைக்கும் துப்பாக்கிக்குப் பாரம் குறைந்த தொலைநோக்கி வேண்டும். துப்பாக்கி பின்னால் பாயும்போது மேலே இருப்பது தன் பாரத்தால் அதே இடத்தில் நிற்கப் பார்க்கும். பாரம் கூடக் கூட, அதைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் வளையங்களை அதிகமாக இழுக்கும். பற்றைக்குள் ஓடும் பன்றிக்கு ஒன்றிலிருந்து ஆறு மடங்கு வரை பெருக்கினால் தாராளம். சிறிய முன்வில்லை போதும். கண்ணுக்கும் பின்வில்லைக்கும் இடையில் ஒரு கை அகலம் இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புருவம் கிழியும். குழாய் ஒரே துண்டில் கடைந்ததாக இருக்க வேண்டும். பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும்போது குறி அசையக்கூடாது. கடையில் வைத்துப் பார்க்கும்போது எல்லாமே வடிவாகத்தான் தெரியும். கண்ணாடி தெளிவாக இருப்பது ஒன்றையும் சொல்லாது. இடித்த பிறகு அது எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. இவ்வளவும் தெரிந்த நான் உனக்கு எதை வாங்கினேன்?

பெரியதை வாங்கினேன். முன்வில்லை சோற்றுக் கிண்ணம் அளவு. பதினைந்து மடங்கு பெருக்கும். மரத்தின் மேல் ஏறியிருந்து, விலங்கு அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பவனுக்கு நல்லது. உனக்கு அல்ல. ஏன் வாங்கினேன் என்றால், அது கல்யாணத் தட்டில் வைக்கிற சாமான். உன் மாமனார் தன் துப்பாக்கியையே தருகிறார், மண்டபம் அவருடைய ஊரில், விருந்தும் அவருடையது. நாங்கள் எதிரே தட்டோடு வருகிறோம். வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை, சேலை. நடுவில் கையளவு குழாய் ஒன்றை வைத்தால் யாருக்குத் தெரியும்? சம்பந்தி வீட்டார் எழும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பார்த்தார்கள். உன் மாமனார் கையில் எடுத்து, பாரம் பார்த்து, புருவத்தை உயர்த்தினார். அதை நான் மெச்சுதல் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைக்கிறேன், அந்த மனிதனுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களை மதித்து ஒன்றும் சொல்லாமல் விட்டார். அந்த ஒரு நாளில் இரண்டு கிழவர்கள் மரியாதைக்காக வாயை மூடியிருந்தோம்.

தட்டு போவதற்கு முன் அம்மா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். சந்தனத்தைக் குழைத்து மோதிர விரலால் தொட்டு, தேங்காய்க்கு, குத்துவிளக்குக்கு, பழச்சீப்புக்கு. தொலைநோக்கிக்கு முன்னால் வந்ததும் நின்றாள். கடந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். குனிந்து, குழாயின் மேல், முன்பக்கமாக, பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்க்கவில்லை. மாரியிலிருந்து அவளுக்கும் எனக்கும் இடையில் கிடந்தது அந்த இடத்தில் முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். அண்ணனை நினைத்துக்கொண்டு ஒரு துப்பாக்கிச் சாமானுக்குப் பொட்டு வைத்திருக்கிறாள். வேறு எப்படி எடுப்பது? அன்றைக்கு நான் அழுதது உன் கல்யாணத்தை நினைத்து என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனியில் நீ அதைத் துப்பாக்கியில் பூட்டினாய். அந்தத் தொலைபேசி அழைப்பை நீ மறந்திருப்பாய். நான் ஒரு சொல்லும் மறக்கவில்லை. ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன், அம்மா பக்கத்திலிருந்து முருங்கைக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, முன் வளையம் வாற இடத்திலை அம்மாட பொட்டு கிடக்கு. பாதி வளையத்துக்குள்ளை போகுது. துடைக்கட்டே?"

அம்மாவின் கத்தி நின்றது. எனக்கு அப்படிப் பட்டது.

"காஞ்சுபோச்சோ?" என்று கேட்டேன்.

"ஓம், கல்லு மாதிரி. அம்மாட விரல் ரேகையும் தெரியுது."

"அப்ப இருக்கட்டும். இறுக்கிப் பூட்டு, நிக்கும்."

நிற்காது என்று எனக்குத் தெரியும். பட்டறையில் முதல் நாள் கற்றுத்தந்தது அதுதான். வளையமும் குழாயும் தொடும் இடத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது. எண்ணெய் கூடாது, தூசி கூடாது, விரல் பட்ட அடையாளம்கூடக் கூடாது. ஸ்பிரிட்டால் துடை, காயவிடு, பிறகு பூட்டு. புதிதாக வந்த பெடியன்களுக்கு நானே இதைக் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன். என் மகன் தானாகக் கேட்டபோது, அம்மா காதுபட அவளுடைய பொட்டைத் துடைக்கச் சொல்ல மனமில்லாமல், வேண்டாம் என்றேன். நீ துடைத்திருப்பாய். நான்தான் மறித்தேன்.

ஆனியில் பயிற்சி மைதானத்தில் சுட்டாய், ஐந்து குண்டும் ஒரு உள்ளங்கைக்குள். படம் அனுப்பினாய். புரட்டாசியிலும் சரியாக இருந்தது. காய்ந்த சந்தனம் பசைபோலப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் நீ பிழையை உன்னில் தேடுகிறாய்: கண்ணாடி சரி, துவக்கு சரி, அப்போது நான்தான். ஆனால் கார்த்திகையில் நான்கு மணித்தியால மழை. வளையத்தின் ஓரத்தால் ஈரம் இறங்கியிருக்கிறது. சந்தனத்தில் நீர் பட்டால் கரைந்து வழுக்கும் என்று உனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. முதல் வெடி சரியாகப் போனது, ஏனென்றால் அதுவரை ஒன்றும் நகரவில்லை. அந்த உதையில்தான் பெரிய முன்வில்லையின் பாரம் குழாயை முன்னால் இழுத்தது. இரண்டாவது குண்டை நீ சரியாகத்தான் சுட்டாய். நகர்ந்துபோன கண்ணாடி காட்டிய இடத்துக்கு அது சரியாகப் போனது. உன் கை நடுங்கியிருந்தால் குட்டிப்பன்றியையும் நீ தவறவிட்டிருப்பாய்.

ஊகம் என்று நினைக்காதே. சட்டையை அவிழ்த்து, மேசை விளக்கின் கீழே உருட்டிப் பார்த்தேன். முன் வளையம் இருந்த இடத்தில் ஒரு கீறல், நேராக, பளபளவென்று, மூன்று மில்லிமீற்றர் நீளம். இப்படிப்பட்ட கீறல்களைத்தான் என் வாழ்நாளெல்லாம் பார்த்தேன். அதன் பக்கத்தில் பொட்டின் ஒரு பாதி அப்படியே இருக்கிறது, ரேகைகளோடு. மற்றப் பாதி இல்லை. அது இருந்த இடத்தில் மெல்லிய மஞ்சள் படலம் மட்டும். பட்டறையில் வளையத்தின் ஓரத்தில் வெள்ளை மையால் ஒரு கோடு போடுவோம், நகர்ந்தால் உடனே கண்ணில் படுவதற்கு. அந்தக் கோட்டைப் பற்றியும் உனக்கு நான் சொல்லவில்லை. போட்டிருந்தால் முதல் வெடிக்குப் பிறகு நீ குனிந்து பார்த்திருப்பாய். நாய் உயிரோடு இருந்திருக்கும்.

உன் கைக்கு வருகிறேன். என் நடுக்கம் பிள்ளைகளுக்கு வரலாம் என்று வைத்தியர் சொன்னார். அதையும் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். உனக்கு வராது என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் எழுதமாட்டேன். இருக்கட்டும் என்று ஒருமுறை சொன்னதன் பலனைப் பார்த்துவிட்டேன். டேர்மினுக்குப் போ. என்ன சொல்கிறார்களோ கேள். ஆனால் கார்த்திகையில் வந்தது அது அல்ல. அதை அந்த நாளோடு சேர்க்காதே. எனக்கு நடுங்கத் தொடங்கியது நாற்பத்தாறு வயதில். உன்னைக் குளிக்க வார்த்தபோது என் கை கல்லுப்போல இருந்தது. பிள்ளையைத் தூக்காமல் விடுவதற்கு இந்தக் காரணம் செல்லாது, தம்பி.

நான் உன் மாமனாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. என் ஜெர்மன் பட்டறை ஜெர்மன். இறுக்கு, துடை, தள்ளிவை. மன்னிப்புக் கேட்கிற சொற்களை அங்கே பாவிக்கவில்லை. பாவித்தாலும் அவருடைய வீட்டு வாசலில் வெறுமையாகக் கிடக்கும் அந்த நாயின் பாயைப் பார்த்துக்கொண்டு எதைச் சொல்வது? எதுவும் திரும்பாது. இந்தக் கடிதமும் ஒன்றையும் திருப்பாது. நீ என்னோடு கதைக்காமல் விட்டால் அது நியாயம்.

இந்த இடத்தில் முடித்து, அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்று ஒரு வரி எழுதுவதாக இருந்தேன். அவள் வைத்த பொட்டு ஒரு நாயைக் கொன்றது என்று அவள் அறியக்கூடாது என்றிருந்தேன். அந்த வரியை எழுதுவதற்குள் அவள் கடையிலிருந்து வந்துவிட்டாள். தொலைநோக்கி மேசையில் கிடந்தது. எடுத்து ஒளிக்க நேரமில்லை.

"இது ஏன் இஞ்சை கிடக்கு?"

"தம்பி அனுப்பினவன்."

பைகளைக் கீழே வைத்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழாயைத் தூக்கி விளக்குக்குக் கிட்டப் பிடித்தாள். "என்ரை பொட்டு. மற்றப் பாதி எங்கை?"

நான் எழுதிக்கொண்டிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"துடைச்சிட்டானோ?"

"துடைக்கேல்லை. அவன் கேட்டவன். நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான். நீர் பக்கத்திலை இருந்தனீர்."

"நான் இருந்தால் என்ன?" உண்மையாகவே விளங்காமல் கேட்டாள். "தேங்காய்க்கும்தான் பொட்டு வைச்சனான். அடுத்த நாள் அதை உடைச்சுச் சம்பல் போட்டுத் திண்டனீங்கள்தானே. விசரே உங்களுக்கு? வைக்கிறது வைக்கிறதுக்கு. பிறகு துடைக்கிறதுதானே."

தம்பி, அவ்வளவுதான். அவ்வளவுதான் இருந்திருக்கிறது. ஆனியில் அவளுடைய கத்தி எனக்காக நிற்கவில்லை. முருங்கைக்காய் முடிந்திருக்கும்.

எல்லாவற்றையும் சொன்னேன். மழை, குட்டிப்பன்றி, இரண்டாவது வெடி, முட்பற்றை, கொப்பு, உன் கோப்பை, பிள்ளையைத் தூக்கமாட்டேன் என்று நீ சொன்னது. அவள் ஜாக்கெற்றைக் கழற்றாமல் கதிரையில் இருந்து கேட்டாள். என்னை ஏசவில்லை. தன்னையும் நொந்துகொள்ளவில்லை. தன் மோதிர விரலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அந்த நாய்க்கு என்ன பேர்?"

எனக்குத் தெரியாது என்றேன். யானா சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.

"பதினொரு வருசம் வைச்சிருந்தது. பேர் இல்லாமலே இருந்திருக்கும்? கேட்டு எழுதுங்கோ."

அவள் இன்னும் ஜாக்கெற்றோடுதான் இருக்கிறாள். பைகள் கதவடியில் கிடக்கின்றன. பால் வெளியே இருக்கிறது. நான் எழுதி முடிக்கும்வரை எழும்பமாட்டாள்போல. ஆகவே கேட்கிறேன். எனக்கு இல்லாவிட்டாலும் அவளுக்காவது பதில் எழுது. அந்த நாயின் பெயர் என்ன?

அப்பா